பள்ளி ஒர்க்‌ஷாப்பில் கார் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

உயர்நிலைப் பள்ளியில் கார் பராமரிப்பு வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் வாரமே எஞ்சினைப் பிரித்துப் போடலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். கையில் ஸ்பேனர் வருவதற்கு முன்னால் படிவம், தேர்வு, கண்ணாடி, ஷூ என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. படிவத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று ஒரு தடவை, ஷூ சரியில்லை என்று இன்னொரு தடவை, வாசலில் நின்றே தொடக்க வகுப்புகள் போயின. நீங்களாவது நேராக உள்ளே போங்கள்.

வேலைகளை இங்கே ஆபத்து குறைவானதிலிருந்து தொடங்கி அடுக்கியிருக்கிறேன். காரைத் தூக்காமல் செய்பவை முதலில், தூக்க வேண்டியவை அப்புறம். வகுப்பில் ஆசிரியர் வேறு மாதிரி நடத்தினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் பழகும்போது இந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

1. காகிதங்களை முதலில் முடியுங்கள்

பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்குள் விடமாட்டார்கள். அதில் அவசரத் தொலைபேசி எண்ணும் உடல்நல விவரமும் கேட்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, தோல் ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயின் நெடி ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்திவிடும். லேடெக்ஸ் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. சொன்னால் வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு கையுறை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக் காரைக் கொண்டுவந்து வேலை பார்க்க நினைத்தால் அது தனிக் கதை. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி, பதிவுச் சான்று, காப்பீட்டு நகல் ஆகியவை தேவைப்படலாம். காரை ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கார் வாரன்டி காலத்தில் இருந்தால், வாங்கும் ஆயில், ஃபில்டர் ஆகியவற்றின் ரசீதை எறியாதீர்கள். பின்னால் எஞ்சினில் ஏதாவது பழுது வந்து, என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

ஒரு நோட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பொருளின் கிரேடு, அளவு. ஒரு வேலைக்கு இரண்டு வரி போதும்.

2. எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

வாங்க வேண்டியவற்றில் முதலிடம் பாதுகாப்புக் கண்ணாடிக்கு. பக்கவாட்டிலும் மறைப்பு இருக்க வேண்டும். இசட்87 அல்லது இஎன் 166 என்ற முத்திரை ஃபிரேமிலோ லென்ஸிலோ இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் பவர் கண்ணாடி இதற்கு ஈடாகாது. அதன் மேலேயே போட்டுக்கொள்ளும் அளவில் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது. பள்ளியிலேயே கொடுத்தாலும் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பொதுக் கண்ணாடிகள் கீறல் விழுந்து மங்கலாக இருக்கும், மங்கலாக இருப்பதை ஆட்கள் நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்வார்கள்.

அடுத்தது ஷூ. கால் முழுவதும் மூட வேண்டும், ஆயிலில் வழுக்காத அடிப்பகுதி வேண்டும், முடிந்தால் முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் வேலைக்கு நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி. இவ்வளவுதான் கட்டாயச் செலவு.

டூல் பாக்ஸ் வாங்காதீர்கள். கடையில் நூறு துண்டுகள் அடுக்கி மினுமினுக்கும் அந்தப் பெட்டியில் முக்கால்வாசியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். பள்ளியில் இருப்பதை வைத்து ஒரு பருவம் வேலை பாருங்கள். எந்த சைஸ் அடிக்கடி கைக்கு வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். பல கார்களில் 10, 12, 14, 17, 19 மி.மீ. சாக்கெட்டுகளே பாதி வேலையை முடித்துவிடும். 10 மி.மீ. மட்டும் இரண்டாக வாங்குங்கள். அது தொலையும். எல்லோருக்கும் தொலைகிறது.

மிச்சப்படுத்தக் கூடாத இடங்கள் இரண்டு: காரைத் தூக்கும் ஜாக்கியும், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டும். இவற்றில் மலிவைத் தேடாதீர்கள்.

3. பாதுகாப்புத் தேர்வுக்கு உண்மையாகவே படியுங்கள்

பல பள்ளிகளில் இந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினால்தான் கருவியைத் தொட விடுவார்கள். தவறவிட்டால் மறுதேர்வு வரை மற்றவர்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கேள்விகள் கடினமானவை அல்ல. ஆனால் பொது அறிவை நம்பிப் போனால் சில இடங்களில் வழுக்கும்.

உதாரணமாகக் கையுறை. ஆயிலுக்கும் கெமிக்கலுக்கும் கையுறை வேண்டும். டிரில் பிரஸ், கிரைண்டர் மாதிரி சுழலும் கருவிகளில் கையுறை கூடாது, மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். நீண்ட முடியைக் கட்ட வேண்டும், ஷால், ஐடி கார்டு கயிறு, தொங்கும் ஹூடி கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மோதிரம், உலோக வாட்ச் இரண்டும் பேட்டரி பக்கமே போகக் கூடாது.

காற்றுக் குழாயால் உடையிலுள்ள தூசியைத் தட்டுவது இன்னொன்று. எல்லோரும் செய்ய ஆசைப்படுவார்கள். அழுத்தக் காற்று தோல் வழியாக உள்ளே ஏறினால் உயிருக்கே ஆபத்து. பிரேக் தூசியையும் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய பிரேக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடைப்பதுதான் முறை.

மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சைலன்சரில் புகைக் குழாயை மாட்டி வெளியே விட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோலோ ஆயிலோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீயணைப்பு சிலிண்டர் எங்கே மாட்டியிருக்கிறது, அவசர நிறுத்த பட்டன், கண் கழுவும் குழாய், வெளியேறும் வழி எங்கே இருக்கின்றன என்பதையும் கேட்பார்கள். உள்ளே போன உடனேயே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்குத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கெமிக்கலுக்கும் ஒரு பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும். 16 பகுதிகள் கொண்டது, முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலுதவி 4ஆம் பகுதியில், தீயணைப்பு 5ஆம் பகுதியில், என்ன கையுறை, என்ன முகமூடி என்பது 8ஆம் பகுதியில். இந்த மூன்றும் நினைவிருந்தால் போதும்.

4. காரோடு வந்த கையேட்டைத் திறங்கள்

டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும் அந்தப் புத்தகம்தான் உங்கள் பாடநூல். இல்லையென்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டின் வகை, வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது, ஜாக்கி எங்கே வைப்பது என்ற ஐந்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவில் ஒருவர் சொல்கிறார் என்பதற்காக வேறு எண்ணைப் பின்பற்றாதீர்கள். அவர் கார் வேறு, உங்கள் கார் வேறு.

5. காரைத் தூக்காமல் செய்யும் வேலைகள்

டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பிஎஸ்ஐ எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. புதியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டயர் சூடாக இருந்தால் அளவு ஏற்றிக் காட்டும், எனவே கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். மாதம் ஒரு முறை போதும். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

அப்படியே டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன ரப்பர் மேடு தெரிகிறதா என்று தேடுங்கள். பொதுவாக 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். டயரின் மேற்பரப்பு அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயருக்கு ஆயுள் முடிந்தது. பக்கவாட்டிலுள்ள நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய டயரை வாங்கப்போகும்போது இது காசை மிச்சப்படுத்தும்.

என்ஜின் ஆயில் அளவு பார்க்க: சமதளம், எஞ்சின் அணைத்துச் சில நிமிடம் காத்திருப்பு, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவி, துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்ப்பது. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

கூலன்ட் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது, திறந்த கணத்தில் கொதிநீர் முகத்தில் பீச்சும். நிறத்தை வைத்தும் கூலன்ட் வகையைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கிறார்கள். கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடத் தோன்றும். பொறுங்கள். பிரேக் பேட் தேயத் தேய இந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு, கசிவாகவும் இருக்கலாம். காரணத்தைப் பார்த்த பிறகு, காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். டாட் 3, 4, 5.1 ஒரு குடும்பம். டாட் 5 சிலிகான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம் என்பதால் திறந்து நாளான பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

வைப்பர், ஏர் ஃபில்டர் எல்லாம் எளிது. வைப்பர் ரப்பரைக் கழற்றியதும் கண்ணாடி மேல் தடித்த துணி ஒன்றை விரித்து வையுங்கள். வெறும் இரும்புக் கை படாரென்று விழுந்தால் முன்கண்ணாடி விரிசல் விடும். பியூஸ் போனால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். மறுபடி போனால் வயரிலோ அதில் இணைந்த கருவியிலோ கோளாறு என்று பொருள், பெரிய பியூஸ் போட்டு ஏமாற்றக் கூடாது.

6. பேட்டரி

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றாமல் பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அந்தப் பொறியே வெடிக்கப் போதும். கண்ணாடி இல்லாமல் குனியாதீர்கள்.

எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜ். ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். புது பேட்டரி வாங்கச் செலவு செய்வதற்கு முன் இந்த இரண்டையும் அளந்துவிடுங்கள். ஓடும்போது ஏறவில்லை என்றால் கோளாறு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம், புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசிக் கறுப்பு கிளிப்பைப் படுத்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். பொறி வந்தாலும் வாயு இருக்கும் இடத்தில் வராது.

7. காரைத் தூக்குவது

இங்கே நிதானமாகப் படியுங்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் காசோடு போகும்.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஹைட்ராலிக் சீல் ஒன்று விட்டால் போதும், கார் இறங்கிவிடும். ஒரு நிமிட வேலைதானே என்பவர்களிடம் வாதாடாதீர்கள், நகர்ந்து நில்லுங்கள். டிக்கியில் காரோடு வரும் ஜாக்கி வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டுமே.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண்ணிலும் வெயிலில் இளகும் தாரிலும் ஸ்டாண்டின் கால் புதையும். ஹேண்ட் பிரேக் போட்டு, மேனுவல் என்றால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வையுங்கள். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கம் தூக்குகிறீர்கள் என்றால் பின்சக்கரங்களுக்கு. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், எனவே பின்பக்கம் தூக்கும்போது அதை நம்பவே முடியாது.

கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கியை வையுங்கள். தரைத்தகடு, ஆயில் தொட்டி, சைலன்சர் மேல் வைத்தால் நசுங்கும் அல்லது வழுக்கும். ஸ்டாண்டில் எழுதியிருக்கும் எடை ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். உயரத்தை வைத்து, பல் முழுவதும் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, பூட்டும் ஊசி (பின்) இருந்தால் அதையும் செருகிவிட்டுக் காரை மெல்ல அதன் மேல் இறக்குங்கள். அப்புறம் பக்கவாட்டில் நின்று காரைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். ஜாக்கி காரை லேசாகத் தொட்டபடி அங்கேயே இருக்கட்டும், கழற்றிய சக்கரம் இருந்தால் அதையும் படுக்கவைத்து காரின் கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

பள்ளியில் லிஃப்ட் இருந்தால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் பட்டனைத் தொடக் கூடாது. சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியதும் நிறுத்தி, காரைத் தாங்கும் நான்கு பேடும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆட்டிவிட்டு, பிறகே மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் மெக்கானிக்கல் லாக்கில் உட்காரும்வரை இறக்கவும் வேண்டும்.

8. சக்கரம் கழற்றி மாட்டுதல்

வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் சக்கரம் சுழலும், காரும் ஆடும். மாட்டும்போது நட்டுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். முதல் மரை சரியாகப் பிடிக்காமல் ஸ்பேனர் போட்டால் ஸ்டட் கெட்டுவிடும். நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு முடியுங்கள். சிறிய, நடுத்தரக் கார்களில் இது பெரும்பாலும் 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும், இன்னொரு கிளிக் தேவையில்லை. 100 கிலோமீட்டர் அளவில் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

9. ஆயில் மாற்றுதல்

ஒரு பீரியடில் முடியாது. இரண்டு பீரியட் சேர்ந்து வரும் நாளாகப் பாருங்கள், பழைய ஃபில்டர் இறுகிப்போயிருந்தால் அதுவே நேரத்தைத் தின்னும். ஆயில், ஃபில்டர், டிரெயின் போல்ட்டின் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷர் மூன்றும் கையில் இருந்தால்தான் தொடங்க வேண்டும். வாஷர் மிகச் சின்னச் செலவு, அதை மறந்தவர்கள்தான் மறுநாள் தரையில் சொட்டும் ஆயிலைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி அணையுங்கள். நீண்ட தூரம் ஓடிய கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். எது எஞ்சின் டிரெயின் போல்ட் என்று இரண்டு முறை பாருங்கள். சில கார்களில் கியர்பாக்ஸ் போல்ட்டும் அதே மாதிரி அருகிலேயே இருக்கும். கியர் ஆயிலை வடித்துவிட்டு எஞ்சினில் இரட்டிப்பு ஆயில் ஊற்றிய கதைகள் நிறைய உண்டு.

ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புது வளையமும் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீச்சிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு ஏறக்குறைய முக்கால் சுற்று, அல்லது பெட்டியில் சொன்ன அளவு. ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். டிரெயின் போல்ட்டையும் கைப்பலத்தைக் காட்டி இறுக்க வேண்டாம், அலுமினியத் தொட்டியின் மரை போனால் செலவு ஆயில் விலையைப் போல் பல மடங்கு.

சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கீழே கசிவு பார்த்து, எஞ்சினை அணைத்து, சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். அடுத்த மாற்றத்துக்குக் கையேடு கிலோமீட்டரும் மாதமும் சொல்லும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

10. கழிவு

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் கூலன்ட், பெட்ரோல், பிரேக் கிளீனர் எதுவும் கலந்தால் வாங்க மறுத்துவிடலாம். சாக்கடையில் ஊற்றுவது பல இடங்களில் குற்றம். கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், விஷம். சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். ஆயில் துணிகள் மூடியுள்ள இரும்புத் தொட்டிக்குள் போகட்டும். அதே கூடத்தில் மர வேலையும் நடந்தால் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைக்காதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

11. எச்சரிக்கை விளக்கு எரிந்தால்

ஸ்கேனரைக் காரின் ஓபிடி போர்ட்டில் (கோளாறு கண்டறியும் இணைப்பு) செருகினால் ஒரு குறியீடு வரும். குறியீடு சொல்வது எந்தப் பகுதி முறையிடுகிறது என்பதை மட்டும்தான், எதை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. பி0420 என்ற குறியீடு வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். அது விலையுயர்ந்த பாகம். ஆக்சிஜன் சென்சாரோ, சைலன்சர் கசிவோ அதே குறியீட்டைக் கொண்டுவரலாம். சோதித்த பிறகே வாங்குங்கள்.

12. இப்போதைக்குக் கைவைக்கக் கூடாதவை

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம். ஏர்பேக் இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏசி வாயு, பெட்ரோல் குழாய் எல்லாம் அழுத்தத்தில் இருப்பவை. இவை எதையும் தனியாகத் தொடாதீர்கள்.

பிரேக் பேட் மாற்றுவதைப் பருவக் கடைசியில் ஆசிரியரை வைத்துக்கொண்டு கற்கலாம். வேலை முடிந்ததும் பெடல் தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. கெட்டியாகும்வரை பல தடவை மிதித்த பிறகே காரை நகர்த்த வேண்டும். அதையும் ஆசிரியர் தானே மிதித்துப் பார்த்து, உங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு.